எதிர்முனை

“மூணு நிமிஷம் என்ன பேசுவீங்க?”

“பேசுறதுக்கு என்ன இருக்கு? ட்ரேஸ் வரட்டும்னு உக்காந்திருப்போம்.”

“உக்காந்திருப்போமா?”

“ஆமா. ரெண்டு பேரும்.”

“ரெண்டு பேரும்.”

“நான் இந்தப் பக்கம், அந்தப் பொண்ணு அந்தப் பக்கம். நடுவுல பதினெட்டு கிலோமீட்டர். போதுமா, இல்ல இன்னும் கொஞ்சம் தள்ளி உக்காரணுமா?”

அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பதினெட்டு கிலோமீட்டர் எல்லாம் ஒரு தூரமா? சில வருடங்களுக்கு முன் அதே பதினெட்டு கிலோமீட்டருக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்தவள்தான் இப்போது இந்த மேஜையருகே நின்று அவனுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறாள்.

அவன் காப்பியை ஒரு வாய் குடித்துப் பார்த்து, “சர்க்கரை ரெண்டு டெசிபல் குறையுது,” என்றான்.

எதையும் அப்படித்தான் அளப்பான். வழியில் ஒளி எவ்வளவு தேய்கிறது என்பதை டெசிபலில் சொல்வது அவர்கள் தொழிலின் வழக்கம். அவன் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டான். மெத்தை ஒரு டெசிபல் அமுங்கிவிட்டது என்பான். மாமியார் வந்து போனால், போன தடவைக்கு இந்தத் தடவை கோபம் மூன்று டெசிபல் இறங்கியிருக்கிறது என்பான். வேலையிடத்தில் எல்லோரும் அவனை டெசிபல் என்றே கூப்பிட்டார்கள். கோபம் வந்தால் அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். இப்போதெல்லாம் அடிக்கடி கூப்பிட்டாள்.

அவர்கள் இருவரும் வேலை பார்த்த நிறுவனம் நகரத்துக்கு அடியில் ஒரு பெரிய வளையத்தைப் புதைத்து வைத்திருந்தது. தலைமுடி கனத்தில் கண்ணாடி இழைகள். ஆஸ்பத்திரி, வங்கி, பள்ளிக்கூடம், வீட்டில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு படம் பார்ப்பவன் என்று எல்லோருடைய பேச்சும் படமும் கணக்கும் அந்த வளையத்தில்தான் ஓடின. ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு போய்விடும். அதற்காகத்தான் வளையம். இத்தனை காலம் அதில் பத்து கிகாபிட் ஈதர்நெட் வேகம் போதுமானதாக இருந்தது. நகரத்தின் பசி கூடிவிட்டது. இப்போது அதை நூறாக ஆக்குகிறார்கள். அதுவும் ஒரே இழைக்குள் பல நிற ஒளிகள், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நூறு.

பத்து பொறுத்துப்போனதை நூறு பொறுக்காது. இணைப்பின் முனையில் ஒரு தூசி, ஒட்டிய இடத்தில் ஒரு கோணல், எங்கோ ஒரு சின்ன மடிப்பு. பத்து அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகும். நூறு அங்கேயே தடுக்கி விழும். அதனால் ஒவ்வொரு இழையையும் புதிதாகச் சோதிக்க வேண்டியிருந்தது. ஒரு முனையில் ஒரு ஆள், எதிர்முனையில் ஒரு ஆள். கருவி ஒளியைத் துடிப்புத் துடிப்பாக உள்ளே அனுப்பும். வழியில் எங்கே தேய்மானமோ அங்கே படி இறங்குகிற மாதிரி ஒரு கோட்டைத் திரையில் வரையும். அந்தக் கோட்டுக்குத்தான் ட்ரேஸ் என்று பெயர். அது கலங்காமல் தெளிவாக வர மூன்று நிமிடம் ஆகும்.

அந்த மூன்று நிமிடமும் இரண்டு பேருக்கும் செய்ய எந்த வேலையும் கிடையாது.

அவளுடைய கல்யாணம் அப்படிப்பட்ட மூன்று நிமிடங்களால் ஆனது. அவன் இருந்த முனையில் செல்போன் எடுக்காது. அதனால் ஓர் இழையைப் பேச்சுக்கென்று ஒதுக்கி, அதன் இரு முனையிலும் டாக் செட் என்ற கையடக்கப் பெட்டியை மாட்டிக்கொள்வார்கள். பேசுவதும் ஒளியாகத்தான் போகும். முகம் பார்க்காமலே இரண்டு வருடம் அவன் குரல் அவள் காதுக்குள் இருந்தது. முதலில் எண்கள். பிறகு எண்களுக்கு நடுவே, சாப்பிட்டாச்சா. ஒருநாள் அவன், “உங்க பக்கம் ஜன்னல்ல என்ன தெரியுது?” என்று கேட்டான். அவள் பார்த்துச் சொன்னாள்: வண்டி நிறுத்துமிடம், கார், கார், ஒரு கார் மேல் பூனை. “உங்க பக்கம்?” என்று கேட்டாள்.

அவன் பக்கத்து ஜன்னல் பெரிய அதிர்ஷ்டக்கார ஜன்னல். எதிரே ஒரு முடிவெட்டும் கடை இருந்தது. ஆள் வராத நேரத்தில் கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, வாசலில் படுத்திருக்கும் நாய்க்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவார். பக்கத்துக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு பெண்மணி, பட்டுப்போன செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினாள். தெருமுனையில் ஒரு கிழவர் தன் நிழலை மிதிக்காமல் நடக்கப் பார்ப்பார். ட்ரேஸ் முடிந்து கருவி கூப்பிடும்போது கதை பாதியில் நிற்கும். அடுத்த இழைக்காக அவள் காத்திருப்பாள்.

கல்யாணமான பிறகும் மாலையில் அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் முதலில் கேட்பது, “செடி எப்படி இருக்கு?” ஒருநாள், “துளிர் விட்டிருக்கு,” என்றான். அன்றைக்கு அவள் சும்மா சும்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் வேலை பார்த்த கட்டடத்துக்குள் அனுமதி அட்டை இல்லாமல் யாரும் போக முடியாது. அவள் போனதில்லை. முடிவெட்டும் கடை பின்பக்கத் தெருவில் என்று சொல்லியிருந்தான். பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போது மட்டும் கழுத்தை ஒடித்துக்கொண்டு மேலே பார்ப்பாள். எத்தனையோ மாடிகள், எத்தனையோ தொட்டிகள். அவளாக ஒரு பால்கனியைத் தேர்ந்தெடுத்து, இதுதான் என்று வைத்துக்கொண்டாள்.

வளையத்தை நூறாக்கும் வேலை தொடங்கியதும் ஒரு புது விதி வந்தது. கணவனும் மனைவியும் ஒரே இழையின் இரு முனைகளில் கையெழுத்துப் போடக் கூடாது. ஒருவர் தப்பை ஒருவர் மறைத்துவிடுவார்களாம். அதைச் சொல்லும்போது மேலாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “என் தப்பை மறைக்க வீட்டுல ஒரு ஆள் இருந்தா, நான் எதுக்கும்மா இவ்வளவு சீக்கிரம் ஆபீஸ் வரேன்?” என்றார். அவளை இழை ஒட்டும் அணிக்கு மாற்றினார்கள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. அவளுடைய கை சுத்தமான கை. அவள் ஒட்டிய இடம் ட்ரேஸில் தெரியவே தெரியாது என்று பெயர் வாங்கியிருந்தாள். வருத்தம், அவள் நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பதில்.

நூறு கிகாபிட் வேலைக்காக வந்தவள் என்பதால் அந்தப் பெண்ணுக்கு நூறு என்றே பெயர் விழுந்துவிட்டது. அவள் நூறைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, சாப்பாட்டுக்கூட வரிசையில், அதுவும் முதுகை மட்டும். கழுத்தோடு வெட்டிய முடி, தோளில் பை. பொறாமைக்கு முதுகே போதும். முகம் தெரிந்திருந்தால் ஒருவேளை இவ்வளவு அழகாக இருந்திருக்காது.

வீட்டுக்குள் புதுச் சொற்கள் வரத் தொடங்கின. ஒருநாள் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். “பக்கா,” என்றான். அவன் ஆயுளில் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

“இது யார் சொல்லிக் கொடுத்தது?”

“எது?”

“பக்கா.”

“எல்லாரும் சொல்றதுதானே.”

“நீங்க சொன்னதில்ல.”

அவன் யோசித்துப் பார்த்து, அப்படியா என்று ஆச்சரியப்பட்டான். அந்த ஆச்சரியம்தான் அவளுக்கு இன்னும் எரிந்தது. தெரிந்து சொல்லியிருந்தால் சண்டை போடலாம். தெரியாமலே ஒட்டிக்கொண்டது என்றால், வேறென்னவெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ.

அவன் குளிக்கப் போயிருந்தபோது போனை எடுத்துப் பார்த்தாள். அவளுடைய எண்ணுக்கு மேல் அன்று போட்ட பெயர்தான் இன்னும் இருந்தது: எதிர்முனை. கல்யாணமாகியும் அவன் மாற்றவில்லை. நூறின் எண், நூறு என்று மட்டும் இருந்தது. அரை நாள் நிம்மதியாக இருந்தாள். மத்தியானம்தான் உறைத்தது: செல்போன் எடுக்காத அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு ஒருவர் எண் ஒருவருக்கு எதற்கு?

சொற்களோ எண்ணோ அல்ல அவளைத் தின்றது. அந்த மூன்று நிமிடம்தான். அதில் அவன் நூறுக்கு ஜன்னலைக் காட்டுகிறானா? நாயும் செய்தித்தாளும் செடியும் இப்போது அந்த வெட்டிய முடிக்குள் போய்க்கொண்டிருக்கின்றனவா? அவள் மாலையில் கேட்பது ஏற்கனவே ஒருத்தி கேட்டு முடித்த கதையா? இதற்கு ஒரு பதில் தெரிந்தால் போதும் என்று நினைத்தாள். அது எந்தப் பதிலாக இருந்தாலும் சரி.

மூணு நிமிஷம் என்ன பேசுவீங்க என்று கேட்ட அன்றே அவளுக்கு, நூறின் முனையிலிருந்து ஒன்பதரை கிலோமீட்டரில் வேலை. சலவைக் கடைக்கு முன்னால், நடைபாதை ஓரத்தில் தோள் ஆழத்துக்கு ஒரு குழி. கேபிளின் இருபத்து நான்கு இழைகளையும் அவள் முந்தைய நாளே ஒட்டி, ஒட்டுப் பெட்டியின் தட்டில் வட்டம் வட்டமாகச் சுற்றி அடுக்கியிருந்தாள். சோதனை முடியும்வரை பெட்டியை மூடாமல் காத்திருக்க வேண்டும். ஏதாவது ஓர் ஒட்டு சரியில்லை என்றால் அங்கேயே வெட்டி மறுபடி ஒட்டுவதற்காக. மேலே வேன் நின்றது. வேனுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் டிரைவர் அண்ணன். வளைந்த கேபிளில் ஒளி எப்படித் திரும்புகிறது என்பது அவருக்கு இன்றுவரை நம்பிக்கைப்படாத விஷயம். பெரிய பஸ்ஸே இந்தத் தெருமுனையில் திரும்பத் திணறுகிறது என்பார்.

அவள் பையில் ஒரு டாக் செட் இருந்தது. அதற்கு ஒரு கிளிப் உண்டு. தேவைப்பட்டால் நடுவிலிருந்தும் முனைக்காரர்களோடு பேசலாம். இழையை அறுக்க வேண்டியதில்லை, கிளிப்பின் வாயில் வைத்து லேசாக வளைத்துப் பிடித்தால் போதும். வளைவில் கொஞ்சம் ஒளி கசியும். அந்தக் கசிவிலேயே குரல் கேட்கும். கிளிப் போட்டவர் முதலில் தான் யாரென்று சொல்லிக்கொள்வது மரியாதை. எழுதி வைத்த விதி இல்லை. எழுதி வைக்க வேண்டிய தேவை யாருக்கும் வந்ததில்லை.

பேச்சுக்கு அவன் எப்போதும் கடைசி இழையைத்தான் எடுப்பான். அவன் பழக்கம் அவளுக்குத் தெரியாதா? இருபத்து நான்காவது இழையைத் தட்டிலிருந்து விரலால் கிளப்பி, கிளிப்பின் வாயில் வைத்து மூடினாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். யார் என்று சொல்லவில்லை.

“பதினேழு முடிஞ்சது சார். ஒண்ணுமே தெரியல. கோடு போட்ட மாதிரி போகுது.”

“சரி. பதினெட்டு மாத்துறேன்.”

“மாத்திட்டீங்களா?”

“மாத்தியாச்சு.”

நூறின் குரல் அவள் எதிர்பார்த்ததுபோல் தேனாக இல்லை. கொஞ்சம் மூக்கடைத்த, ஜலதோஷக் குரல். அடுத்த மூன்று நிமிடம் அவன் ஒன்றும் பேசவில்லை. நூறு இரண்டு தடவை தும்மினாள். பதினெட்டு முடிந்தது. பத்தொன்பதிலிருந்து இருபத்திரண்டு வரை அப்படியே. எண், சரி, மாத்தியாச்சு. குழிக்குள் குந்தி உட்கார்ந்து, முழங்கால் மரத்துப்போய், அவள் தன் கணவனும் இன்னொருத்தியும் பேசாமல் இருப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சந்தேகப்பட்டு ஒட்டுக்கேட்கிறவருக்கு ஒன்றுமே அகப்படாமல் போவதைவிடப் பெரிய ஏமாற்றம் இல்லை. அவள் கிளிப்பைத் திறக்கக் கை வைத்தபோது நூறு சொன்னாள்:

“சார், எனக்கு இங்க ஜன்னல் இருக்கு. ஒரே கார். ஒரு பூனை வந்து ஒரு சிவப்புக் கார் மேல படுத்திருக்கு. உங்களுக்கு என்ன தெரியுது?”

அவள் கை அப்படியே நின்றது.

“எனக்கு ஜன்னல் இல்லம்மா,” என்றான் அவன்.

“பக்கத்து ரூம்லயாவது?”

“இந்த மாடியிலயே இல்ல. இது கட்டடத்துக்கு நடுவுல இருக்கற ரூம். சுவர்தான்.”

“எத்தனை வருஷமா அங்க இருக்கீங்க?”

“ஆரம்பத்துலேருந்து இங்கதான்.”

நூறு ஒரு தும்மலை அடக்கிக்கொண்டு, எப்படி சார் இருக்கீங்க, என்றாள். அவன் சிரித்தான். பிறகு சொன்னான். நான்கு சுவர். ஒரு சுவரில் குளிர்சாதனத்திலிருந்து தண்ணீர் கசிந்து கசிந்து ஒரு கறை. நின்றுபோன கடிகாரம், கழற்ற யாருக்கும் நேரமில்லை. ஒரு கால் குட்டையான நாற்காலி. கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். முதல் சில மாதம் கதவு சாத்தியதும் மூச்சு முட்டும், உள்ளங்கை வேர்த்துவிடும், வேலையை விட்டுவிடலாம் என்று கடிதம்கூட எழுதினேன் என்றான். அவள் இதையெல்லாம் முதன்முறையாகக் கேட்டாள். அவள் வீட்டில் தூங்கி எழுகிற மனிதனுக்கு மூச்சு முட்டும் என்பதை ஒரு குழிக்குள் உட்கார்ந்து, இன்னொருத்தியின் காதுக்குப் போகிற வழியில் கேட்டாள்.

“யார்கிட்டயும் சொல்லலையா சார்?”

“சொல்லி என்ன ஆகப்போகுது? எதிர்முனையில யாராவது பேசிட்டு இருந்தா மறந்துடும்மா.”

யாராவது.

முடிவெட்டும் கடை இல்லை. நாய் இல்லை. கிழவரும் இல்லை, அவருடைய நிழலும் இல்லை. செடி பட்டுப்போகவும் இல்லை, துளிர்க்கவும் இல்லை. அவள் இத்தனை நாள் பயந்தது, தன் ஜன்னலை அவன் இன்னொருத்திக்குக் கொடுத்துவிடுவானோ என்று. அவன் நூறுக்கு அதைக் கொடுக்கவில்லை. சுவரைக் கொடுத்திருந்தான். அவளுக்குப் பொய், நூறுக்கு உண்மை. அவள் கேட்டுக் கேட்டுக் கிடைக்காததை ஜலதோஷம் பிடித்த ஒரு பெண் போகிற போக்கில் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதிலும் அந்த ‘யாராவது’. அவள் இல்லாமல் வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் நாய் செய்தி கேட்டிருக்கும்.

“கீழ என்ன, தூங்கிட்டியா?” டிரைவர் அண்ணனின் முகம் குழியின் வாயில் தெரிந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றினாள். சலவைக் கடைக்காரர் சத்தம் போடுகிறாராம், குழியைச் சுற்றி வைத்த தடுப்பு அவர் கடை வாசலை மறைக்கிறதாம், நகர்த்தலாமா என்று கேட்டார். நகர்த்துங்கள் என்றாள். எவ்வளவு என்றார். உங்கள் இஷ்டம் என்றாள். அவர் போகவில்லை. குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

“கண்ணுல என்ன?”

“தூசி.”

“உன்னை ஃபைபரை ஒட்டத்தானே அனுப்பினாங்க? நீ காதை இல்ல ஒட்டிட்டு உக்காந்திருக்க?”

வாசலைவிட்டு ஒரு அடி தள்ளி வைத்துவிட்டு உங்கள் நாற்காலியில் போய் உட்காருங்கள் என்று அவரை விரட்டினாள். அதற்குள் அவர் கடைக்காரரைப் பற்றி இன்னும் இரண்டு குறை சொல்லி முடித்தார். அவள் ஹெட்ஃபோனை மறுபடி மாட்டினாள்.

மௌனம்.

தும்மல்கூட இல்லை. அவள் காத்திருந்தாள். சுவரைப் பற்றிச் சொல்லிவிட்ட பிறகு வருகிற மௌனம் எப்படி இருக்கும் என்று அவளால் கற்பனை செய்ய முடிந்தது. அவனும் அவளும் ஒருநாள் அப்படி இருந்திருக்கிறார்கள். சொல்ல ஒன்றுமில்லாமல், ஆனால் கழற்றி வைக்கவும் மனமில்லாமல், மூன்று நிமிடம் முழுதும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு. அன்றுதான் இவனைக் கட்டிக்கொள்வது என்று அவள் முடிவு செய்தாள். இப்போது அதே மௌனம் நூறுக்கும் கிடைத்துவிட்டதோ? கிளிப்பை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள், மூச்சாவது கேட்கட்டும் என்று. ஒன்றும் கேட்கவில்லை. அவள் விடவில்லை. இருவரில் யார் முதலில் பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் இந்தக் குழியிலிருந்து எழுந்திருக்கப் போவதில்லை.

சட்டென்று காதுக்குள் ஒரு சொடுக்கு. நூறு.

“சார், டாக் செட் திரும்ப மாட்டிட்டேன். கேக்குதா? கடைசி இழை சரியில்ல.”

மற்ற இழைகளெல்லாம் முடிந்ததும் பேச்சு இழையையே சோதிப்பார்கள். அதற்காக இரண்டு பேரும் டாக் செட்டைக் கழற்றி வைப்பார்கள். அந்த மௌனம் அதுதான். அந்த மௌனத்துக்குள் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தவள் அவள். அவளை விட நன்றாக அது யாருக்குத் தெரியும்? அவள் அதைக் காதல் என்று நினைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“எங்க?” என்றான் அவன்.

“ஒன்பதரை கிலோமீட்டர்ல படி இறங்குது. குட்டை அலைநீள ஒளியில லேசா, நீள அலைநீள ஒளியில பலமா. ஒட்டு சரியில்லன்னா ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கும். இது மடிப்பு. தட்டுல சரியா சுத்தல போல. அங்க யார் சார் ஒட்டினது?”

“என் வீட்டுக்காரி,” என்றான்.

“ஓ,” என்றாள் நூறு. “சாரி சார். ஆனா நூறு இதுல ஓடாது. வெட்டி ஒட்டணும்னு எழுதிடறேன்.”

“அவ தட்டு அப்படி இருக்காதும்மா.”

“கருவி காட்டுதே சார்.”

“கருவி சரிதான். தட்டும் சரிதான்.”

“அப்புறம்?”

அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பதரையில் இன்று யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவள் பையில் என்ன இருக்கிறது, எந்தக் கருவி இழையை இப்படி மடிக்கும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். காலையில் அவள் கேட்ட கேள்வியும் ஞாபகம் வந்திருக்கும். அவள் கிளிப்பைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள்.

“கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி எடுப்போம்,” என்றான் மெதுவாக. “சரியாயிடும்.”

அது நூறுக்குச் சொன்னதல்ல. எடுத்துவிடு என்று அவளுக்குச் சொன்னது.

நூறு ஒத்துக்கொள்ளவில்லை. முதல் தடவை இருந்து அடுத்த தடவை இல்லையென்றால் அது இன்னும் மோசம், வந்து வந்து போகிற பழுது, காரணம் தெரியாமல் கையெழுத்துப் போட மாட்டேன், அப்படியானால் அந்த ஒட்டை மொத்தமாகப் பிரித்து வேறு அணியை வைத்து ஒட்டச் சொல்லித்தான் எழுத வேண்டும் என்றாள். அதில் தப்பொன்றும் இல்லை. அவள் இடத்தில் இவள் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

“என் பக்கம் இணைப்பு வயர் மடங்கியிருக்கும்மா. நான் நாற்காலியைத் தள்ளினப்ப...”

“உங்க பக்கம்னா பதினெட்டுல தெரியணும் சார். இது ஒன்பதரை.”

“ஆமா, இல்ல?”

“ஆமா சார்.”

“குழிக்குள்ள எலி ஏதாவது...”

“எலி மூணு நிமிஷம் கடிச்சுட்டு அப்படியே அசையாம நிக்குமா சார்?”

ஒரு தெருவையே கட்டி, கடை வைத்து, நாய் வளர்த்து, செடியைத் துளிர்க்க வைத்தவனுக்கு இன்னொருத்தியிடம் உருப்படியாக ஒரு பொய் சொல்லத் தெரியவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவன் விடாமல், காரணம் என்று எதையாவது தானே எழுதித் தருவதாகவும், என்ன வந்தாலும் தன் பொறுப்பு என்றும், இந்த ஒரு தடவை மட்டும் கையெழுத்துப் போடும்படியும் கேட்கத் தொடங்கினான். எதற்குப் பயந்து விதி போட்டு அவர்களைப் பிரித்து உட்கார வைத்தார்களோ அதைத்தான் அவன் அப்போது செய்துகொண்டிருந்தான். எல்லாம் அவளுக்காகத்தான். ஆனால் அவன் குரல் தாழ்ந்து, குழைந்து, ‘தயவுசெஞ்சு’ என்றது. அவளிடம் அவன் ஒருநாளும் அப்படிக் கெஞ்சியதில்லை. அதையும் நூறே வாங்கிக்கொள்வதா?

அவள் பேசும் பொத்தானை அழுத்தினாள்.

“நான்தான் நடுவுல இருக்கேன்.”

“அக்காவா?” என்றாள் நூறு.

“ஆமா. தட்டுல ஒண்ணும் இல்ல. கிளிப் போட்டு நீங்க பேசுறதைக் கேட்டுட்டு இருந்தேன். மடிப்பு அதுதான். அப்படியே எழுதிக்கோ. எடுத்துடறேன், மறுபடி ட்ரேஸ் எடு, சுத்தமா வரும்.”

“எப்பலேருந்துக்கா?”

“பதினேழுலேருந்து.”

நூறு கணக்குப் போட்டுப் பார்ப்பது தெரிந்தது. ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள். கதவு தானாகச் சாத்திக்கொண்ட அறையில் அவன் குட்டைக்கால் நாற்காலியில் ஆடாமல் உட்கார்ந்திருப்பதை, அவன் ஆரம்பத்திலிருந்து அந்த அறையில் உட்கார்ந்திருந்தாலும், அவள் இப்போதுதான் பார்த்தாள்.

“நூறு, நீ கொஞ்சம் கழட்டி வைம்மா. நான் இவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“சரிக்கா.” ஒரு சொடுக்கு. அவள் உண்மையிலேயே கழற்றிவிட்டாள். நல்ல பெண்தான் போலிருக்கிறது. அதை நினைக்கவும் எரிந்தது.

மேலே டிரைவர் அண்ணன் தடுப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. இழை அவள் விரல்களுக்கிடையே கிளிப்பின் வாயில் வளைந்து கிடந்தது. அவள் பொத்தானை மறுபடி அழுத்தினாள்.

“ஏங்க. அந்த மூச்சு முட்டினதை முதல்லேருந்து என்கிட்டயும் சொல்லுங்க. அவகிட்ட சொன்ன மாதிரியே. எனக்காக ஒண்ணும் சேர்க்காம.”